எங்கள் வீட்டு மென்மையான பாலர் பள்ளி

என் மகள் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனது எங்களுக்குச் சொல்லாமல்தான். அவளுக்கு மூன்று வயது முடிந்த மாதம் அது. நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். விறாந்தையில் அவளுடைய சத்தம் இல்லை என்று உறைத்தபோது படலை திறந்து கிடந்தது. ஈரக் கையோடு ஒழுங்கைக்கு ஓடினேன். கடல், கேணி, நாய், பஸ் என்று ஒரு தாயின் மூளை எவ்வளவு வேகமாக வேலை செய்யக்கூடியது என்பதை அன்றுதான் கண்டேன். பல்கலைக்கழகத்தில் அதில் பாதி வேகம் இருந்திருந்தால் எனக்கு முதல் வகுப்புக் கிடைத்திருக்கும்.

ஒழுங்கை முடிவில் சனசமூக நிலையத்தோடு ஒட்டிய முன்பள்ளியில், முன்வரிசையில் ஒரு சிவப்புக் கதிரையில், என் பழைய கைப்பையை முதுகில் மாட்டிக்கொண்டு அவள் இருந்தாள். ரீச்சர் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் மகள் எல்லாரையும் விடச் சத்தமாகப் பாடினாள். சொற்கள் தெரியாதது அவளுக்கு ஒரு தடையாகவே இருக்கவில்லை.

ரீச்சர் என்னைக் கண்டதும் வெளியே வந்தார். என்னை விட வயதில் இளையவர், நல்ல பிள்ளை.

"இவ்வளவு ஆசையா வந்து இருக்கிற பிள்ளையை எழுப்ப மனம் வரேல்லை அக்கா. ஆனா நான் என்ன செய்ய? தை மாசம் மூண்டு வயசு முடிஞ்சிருக்க வேணும். இவ மாசியிலை பிறந்தவ."

"கொஞ்ச நாள் தானே ரீச்சர்?"

"ஓம் அக்கா, கொஞ்ச நாள் தான். ஆனா மேலை இருந்து வந்து பாத்தா எனக்குத்தான் பேச்சு. வாற தை மாசம் கூட்டிக்கொண்டு வாங்கோ."

ஆக, என் மகள் சில நாட்களால் ஒரு வருடத்தைத் தவறவிட்டிருந்தாள். பிரசவ வாட்டில் இதைப்பற்றி யாரும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் முந்தி முக்கிப் பார்த்திருப்பேன்.

அவளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அழுதாள். ஒழுங்கையில் இருந்த வீடுகள் எல்லாம் வெளியே வந்து பார்த்தன. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழும் பிள்ளைகளை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். இது அவர்களுக்கும் புதிது.

அன்று தொடக்கம் ஒவ்வொரு காலையும் அவள் கைப்பையோடு படலையில் நின்றாள். முன்பள்ளிப் பிள்ளைகள் போவதைப் பார்ப்பாள். பிறகு குசினிக்கு வந்து என் சட்டையை இழுத்து, "அம்மா, எனக்குப் படிப்பிக்கிறியளோ?" என்று கேட்பாள். நான் ஒரு புவியியல் பட்டதாரி. அரசாங்க நியமனத்துக்குக் காத்திருப்பது என் முழுநேர வேலை. எனவே வீட்டில் வைத்து ஒரு பிள்ளைக்குப் படிப்பிக்க என்னைவிடத் தகுதியும் ஓய்வும் உள்ள ஆள் இந்த வேலணைத் தீவில் இல்லை என்று எல்லாரும் ஒரே குரலில் தீர்மானித்தார்கள். எதைப் படிப்பிப்பது, எப்படிப் படிப்பிப்பது என்பதில் மட்டும் ஒருவருக்கும் மற்றவரோடு ஒத்துப்போகவில்லை.

முதலில் வந்தவர் அடுத்த வளவில் இருக்கும் ஓய்வுபெற்ற அதிபர். ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வேலிக்கு மேலால் யாருடைய பிள்ளையைக் கண்டாலும் ஏழாம் வாய்ப்பாடு கேட்பார்.

"மூண்டு வயசிலை பென்சில் பிடிக்காத கை பேந்து பிடிக்காது, பிள்ளை. காலமை ஒரு மணித்தியாலம் நான் வாறன். காசொண்டும் வேண்டாம்."

கையில் மெல்லிய பூவரசந்தடி ஒன்று வைத்திருந்தார். நான் அதைப் பார்ப்பதை அவர் கண்டுவிட்டார்.

"சீச்சீ, இது அடிக்கிறதுக்கில்லை. எழுத்தைத் தொட்டுக் காட்டுறதுக்கு."

நானும் அப்படித் தொட்டுக் காட்டிப் படித்தவள்தான். எந்த எழுத்துக்கு எந்த விரல் கணு வீங்கியது என்று இன்றைக்கும் சொல்வேன். 'ணை' எழுதும்போது இப்போதும் கை தானாகப் பின்னால் போகும். பிறகு சொல்கிறேன் ஐயா என்று அவரை அனுப்பினேன்.

அடுத்தது, பட்டணத்தில் இருக்கும் என் வகுப்புத் தோழி. அவள் தன் மகனுக்குக் கணினிப்பலகையில் ஏதோ ஒரு பாடத்திட்டம் வாங்கிக் கொடுத்திருந்தாள். அதைப் பார்க்க மகளையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினேன். பையனுக்கு நாலு வயது. திரையைத் தட்டத் தட்ட அது கைதட்டியது. கிரகங்களின் பெயரை ஆங்கிலத்தில் வரிசையாகச் சொன்னான். என் மகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். சனிக்கிரகத்துக்கு வந்தபோது அவன் இருந்த இடம் ஈரமாகியது. அதைச் சொல்லவேண்டும் என்று எந்தத் திரையும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

"அவன் நல்லா கொன்சென்ரேற் பண்ணுவான்," என்று தோழி நிலத்தைத் துடைத்தபடி பெருமைப்பட்டாள்.

மூன்றாவதாக வந்ததுதான் கனடா.

கனடாவில் இருப்பவர் என் கணவருடைய அக்கா, எனக்கு மச்சாள். தம்பி மகள் பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போன கதை அவருக்கு அன்று மாலையே போய்ச் சேர்ந்திருந்தது. அதிபர் கதையும் ரப்லெட் கதையும் போய்ச் சேர்ந்தபிறகு வீடியோவில் வந்தார். பின்னால் யன்னலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"நீர் அவசரப்படாதையும். உந்த அதிபர், பிரம்பு, ரப்லெட் ஒண்டும் வேண்டாம். பிள்ளையின்ரை மனம் பூ மாதிரி. இஞ்ச இப்ப எல்லாரும் மென்மையான முறைக்குப் போயிட்டினம். வீட்டிலையே செய்யலாம். நான் உமக்கு ஒண்டு வாங்கி அனுப்புறன். என்ரை அன்பளிப்பு."

அன்றிரவு என் கணவரிடம் மூன்றையும் விளக்கினேன். அவர் பட்டணத்தில் ஒரு வங்கியில் வேலை செய்கிறார். பிறருடைய விண்ணப்பங்களை நாள் முழுக்க ஆராய்ந்து முடிவு சொல்லிவிட்டு வருவதால் வீட்டில் அந்தத் திறமையை அவர் வீணாக்குவதில்லை.

"நீர் பாத்து முடிவெடும்," என்றார்.

கலியாணம் கட்டியபின் அவர் எடுத்த முடிவு இது ஒன்றுதான். அதையே திரும்பத் திரும்ப எடுக்கிறார்.

மச்சாளின் திட்டத்தையே தெரிவுசெய்தேன். உண்மையைச் சொன்னால், 'மென்மை' என்ற அந்தச் சொல்தான் என்னை விழுத்தியது. படிப்பையும் மென்மையையும் ஒரே வசனத்தில் வைத்து யாரும் என்னோடு பேசியதில்லை. என் பிள்ளைக்காவது அது கிடைக்கட்டும் என்று நினைத்தேன்.

திட்டம் வட்ஸ்அப்பில் வந்தது. மிக அழகாக இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் சுருள் முடிப் பிள்ளைகள் மரத்தடியில் வெறுங்காலோடு நின்றார்கள். ஒருவருக்கும் மூக்கு ஒழுகவில்லை. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு விதி இருந்தது: ஏழு வயது வரை பிள்ளைக்கு எழுத்துக் காட்டக்கூடாது. பிள்ளை கேட்டாலும் மென்மையாகத் திசைதிருப்ப வேண்டும். இரண்டாவது விதி: பிளாஸ்ரிக் கூடாது. எங்கள் வீட்டில் வாளி, கோப்பை, கதிரை, மேசை விரிப்பு, சுவாமிப் படத்துக்குப் போட்ட மாலை எல்லாமே பிளாஸ்ரிக். இரண்டாவது விதியை நான் மென்மையாகத் திசைதிருப்பினேன்.

ஒரு திங்கட்கிழமை பள்ளி தொடங்கியது. முதலில் மெழுகுதிரி கொளுத்தி, எல்லாரும் வட்டமாக இருக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேர். இரண்டு பேர் வட்டமாக இருப்பது எப்படி என்று திட்டத்தில் எங்கும் சொல்லவில்லை. நேருக்கு நேர் இருந்தோம். கடற்காற்று மெழுகுதிரியை அணைத்தது. திரும்பக் கொளுத்தினேன். அது திரும்ப அணைந்தது. மகள் 'ஹப்பி பேர்த்டே' பாடினாள்.

அந்த மாதத்துக் கருப்பொருள் முதல் பனி. வெள்ளைக் கடதாசியில் பனிப்பூ வெட்டி விறாந்தை முழுக்கத் தொங்கவிட்டோம்.

"இது என்னம்மா?"

"பனி."

"பனி எண்டா?"

வெளியே வெயில் மதிலைச் சுட்டுக்கொண்டிருந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் குளிர்சாதனப்பெட்டியின் மேல் கதவைத் திறந்து காட்டினேன். மீனுக்குப் பக்கத்தில் படிந்திருந்ததை விரலால் சுரண்டி நக்கிப் பார்த்தாள்.

"மீன் ஐஸ்," என்றாள்.

அடுத்தது செம்மறி ஆட்டு உரோமத்தை உருட்டிப் பந்து செய்வது. நான் எங்கள் ஆட்டைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. எங்கள் இருவருக்கும் அது சரிவராது என்று தெரிந்தது. கடைசியில் தேங்காய்த் தும்புமுட்டியைப் பிய்த்துப் பந்து செய்தோம். நல்ல பந்துதான். ஆடு தின்றுவிட்டது.

இவ்வளவையும் மகள் மறுப்பில்லாமல் செய்தாள். வெட்டச் சொன்னால் வெட்டினாள், உருட்டச் சொன்னால் உருட்டினாள். எல்லாம் முடிந்ததும் கைகளைச் சட்டையில் துடைத்துவிட்டு எனக்கு முன்னால் வந்து சப்பாணி கட்டி இருப்பாள்.

"விளையாட்டு முடிஞ்சுது. இனிப் படிப்பமோ?"

"இதுதான் குஞ்சு படிப்பு."

"இல்லை. அ எண்டு எழுதுறது."

"அதைப் பேந்து பாப்பம். இப்ப கண்ணை மூடிக் காத்து என்ன சொல்லுதெண்டு கேள், பாப்பம்."

கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் கேட்டாள்.

"காத்து ஒண்டும் சொல்லேல்லை. அ எப்பிடி எழுதுறது?"

ஒரு பிள்ளை அரிச்சுவடி கேட்டு அழ, தாய் காட்டமாட்டேன் என்று மறுத்த ஒரே வீடு யாழ்ப்பாண மாவட்டத்தில் எங்கள் வீடாகத்தான் இருந்திருக்கும். பக்கத்து வளவு அதிபர் இதை வேலியால் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு நெஞ்சுநோ வராதது அவருடைய நல்ல காலம்.

வைகாசியில் 'நோக்கமில்லாத நடை' என்ற பாடம் வந்தது. பிள்ளையோடு வெளிக்கிட்டு, எங்கும் போகாமல், எதற்கும் அவசரப்படாமல் நடக்க வேண்டும். பிள்ளை நிற்கும் இடத்தில் நிற்க வேண்டும். இதை எழுதியவர் வேலணையில் ஒரு நாளும் இருந்ததில்லை என்று எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

பின்னேரம் வெளிக்கிட்டோம். பனை வடலிக் காணியைத் தாண்டி யாழ்ப்பாண வீதிக்கு ஏறினோம். மகள் ஒரு எறும்பு வரிசையைக் கண்டு குந்தினாள். நானும் குந்தினேன். முதலாவது மோட்டர்சைக்கிள் நின்றது.

"என்ன தங்கச்சி, ஏதும் துலைஞ்சு போச்சே?"

"இல்லை அண்ணை. சும்மா நடக்கிறம்."

"எங்க?"

"ஒரு இடமும் இல்லை."

அவர் என்னையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். போனார், கொஞ்சத் தூரத்தில் நின்று திரும்பிப் பார்த்தார், பிறகும் போனார். அடுத்ததாக என் கணவரின் சித்தி முறையான ஒருவர் ஓட்டோவில் இருந்து தலையை நீட்டி, ஏறச் சொல்லி வற்புறுத்தினார். கடைசியாகக் குறிகட்டுவானில் இருந்து வந்த பஸ் கை காட்டாமலே நின்றது.

"ஏறுங்கோ அக்கா, இடமிருக்கு," என்றார் கொண்டக்ரர்.

"நாங்கள் வரேல்லை. நடக்கிறம்."

"யாழ்ப்பாணத்துக்கோ?"

பஸ் முழுக்க என்னைப் பார்த்தது. மகள் ஏறுவதற்குக் காலைத் தூக்கிவிட்டாள். அவளைப் பிடித்து இழுத்தேன், அவள் கத்தினாள், பஸ் அந்தக் காட்சியையும் பார்த்துவிட்டு வெளிக்கிட்டது.

மாலையில் கணவர் வழமையான பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸில் வந்து இறங்கினார். முகம் வெளிறியிருந்தது. குசினிக் கதவில் நின்று நான் தேங்காய் துருவுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீர்... வீட்டிலை தான் நிக்கிறீரோ?"

"வேறை எங்க நிக்கிறது?"

"இல்லை, பாங்குக்கு மூண்டு பேர் கோல் எடுத்திட்டினம். நீர் சூட்கேசோடை பிள்ளையையும் கொண்டு உம்மடை அம்மா வீட்டை போறீராம் எண்டு."

சூட்கேசை யார் சேர்த்தார் என்று இன்றுவரை தெரியாது. வெறுங்கையோடு கோபித்துக்கொண்டு போவது கதைக்கு வடிவில்லை என்று யாரோ நினைத்திருக்க வேண்டும்.

விடியக் கனடா அழைத்தது. மச்சாளுக்கு இது பாரிஸில் இருக்கும் ஒருவர் மூலம் போயிருந்தது.

"என்ன பிரச்சினை எண்டாலும் என்னட்டைச் சொல்லும். அவன் என்ரை தம்பி எண்டு பாக்கமாட்டன். பிள்ளையை ரோட்டிலை இழுத்துக்கொண்டு போனீராம்."

"அது நீங்கள் அனுப்பின பாடம் மச்சாள். நோக்கமில்லாத நடை."



"அதை வளவுக்குள்ளை செய்யும்," என்றார்.

என் பள்ளியில் இப்படி மென்மை நடந்துகொண்டிருக்க, வீட்டின் மற்ற மூலையில் இன்னொரு பள்ளி நடந்ததை நான் கவனிக்கவில்லை. கணவர் வேலையால் வரும்போது பத்திரிகை வாங்கி வருவார். எங்கள் பக்கத்தில் பத்திரிகையை முதற் பக்கத்தில் இருந்து வாசிக்கும் ஆளை நான் கண்டதில்லை. நேரே மரண அறிவித்தலுக்குத்தான் போவார்கள். ஊரில் பாதி வெளிநாட்டில் இருப்பதால், உலகத்தின் எந்த மூலையில் யார் செத்தாலும் அதில் ஒரு ஓரத்தில் வேலணையோ புங்குடுதீவோ ஊர்காவற்றுறையோ இருக்கும். கணவர் தேநீரோடு கதிரையில் சாய்ந்து அவற்றை வாய்விட்டு வாசிப்பார். மகள் மடியில் இருப்பாள். அவர் விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு வாசிக்கிற பழக்கம் உள்ளவர். பூவரசந்தடி மட்டும்தான் இல்லை.

பிள்ளைக்கு வாசிப்புப் பழக்க இதைவிட நல்ல புத்தகத்தை யாரும் அச்சடித்ததில்லை என்று இப்போது நினைக்கிறேன். ஒவ்வொரு நாளும் அதே சொற்கள், அதே ஒழுங்கில், பெரிய எழுத்தில், படத்தோடு. ஆள் மட்டும் மாறும்.

ஆவணி மாதம் சந்தியில் மரக்கறிக் கடைக்கு முன்னால் நின்றோம். மதிலில் யாரோ ஒரு பெரியவருடைய சுவரொட்டி. மகள் என் கையை விட்டுவிட்டு அதற்கு முன்னால் போய் நின்று, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, "ம... ர... ண... அ... றி... வித்... தல்," என்று வாசித்தாள். கடைக்காரர் கத்தரிக்காயைத் தராசில் வைத்தபடி அப்படியே நின்றார்.

"அட! பிள்ளை வாசிக்குது! எத்தினை வயசு?"

எனக்குச் சந்தோசம்தான். ஆனால் அதற்கு மேலால் ஒரு பயமும் இருந்தது. ஏழு வயதுக்கு இன்னும் எவ்வளவோ கிடந்தது. திட்டத்தில் இதற்குப் பரிகாரம் ஏதும் போட்டிருக்கவில்லை.

வீட்டில் கணவரைப் பிடித்தேன்.

"நீங்கள் பிள்ளைக்கு எழுத்துக் காட்டினியளோ?"

"நான் ஒண்டும் படிப்பிக்கேல்லையப்பா. நான் செத்த ஆக்களைப் பாத்தனான். அவள் பக்கத்திலை இருந்தவள்."

அதற்குப் பிறகு அவளை நிற்பாட்ட ஏலாது போய்விட்டது. எடை பார்க்க வந்த குடும்பநல மாது கன்னத்தைத் தடவி, "நீங்கள் ஆருடைய பிள்ளை?" என்று கேட்டார். மகள் நிமிர்ந்து நின்று சொன்னாள்:

"வேலணையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட அப்பா அம்மாவின் அன்பு மகள்."

குடும்பநல மாதுவுக்குத் தேநீர் புரையேறியது. தலையில் தட்டித்தான் சரிப்படுத்தினோம். "இதுக்கு ஒருக்கா நாவூறு கழிச்சு விடுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மச்சாளுக்கு நாங்கள் இதைச் சொல்லவில்லை. அவர் கேட்கும்போதெல்லாம் பனிப்பூக்களைக் காட்டினோம். காற்றில் கிழிந்து எஞ்சியிருந்தவை அவை.

கார்த்திகை மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீடியோவில் வந்தார். நான் குசினியில் இருந்தேன். போனை மகள் எடுத்துவிட்டாள். நான் கை துடைத்துக்கொண்டு வருவதற்குள் அவள் தகப்பனின் பத்திரிகையை நிலத்தில் விரித்துப் போனை அதற்கு மேல் பிடித்திருந்தாள்.

"மாமி, நான் வாசிச்சுக் காட்டவோ?"

"என்ன வாசிக்கப் போறாய், குஞ்சு? படம் பாத்துக் கதை சொல்லப் போறியோ?"

உள்ளதைச் சொன்னால், அந்த நேரத்தில் நான் போனைப் பறித்திருக்கலாம். பறிக்கவில்லை. அந்தத் திட்டத்தை அனுப்பியவரின் முகத்துக்கு முன்னால் என் பிள்ளை வாசித்துக் காட்டுவதை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று எனக்குள் ஒரு ஆசை இருந்தது. கதவடியில் நின்றேன்.

அவள் தொடங்கினாள். பாதி வாசிப்பு, பாதி மனப்பாடம். "வேலணையைப் பிறப்பிடமாகவும்... பா... ரி... ஸை வதிவிடமாகவும் கொண்ட..." பிறகு ஒரு பெண்ணின் பெயர். அதை அவள் எழுத்துக் கூட்டித் தடக்கித் தடக்கி வாசித்தாள்.

"என்ன பேர்?" மச்சாளின் குரல் மாறியிருந்தது. "அந்தப் பேரைத் திருப்பி வாசி."

திருப்பி வாசித்தாள்.

"படத்தைக் கிட்டக் காட்டு."

மகள் போனைப் படத்துக்கு மேல் அமுக்கினாள். பிறகு இழுத்தாள்.  நான் ஓடிப்போய்ப் போனை வாங்கியபோது மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"என்னோடை படிச்சவள்," என்றார். "ஒரே சைக்கிளிலை போறனாங்கள். அவள் உழக்குவாள், நான் பின்னாலை. இடம்பெயர்ந்து வெளிக்கிட்ட அண்டு கண்டது. பேந்து அவள் பிரான்சிலை எண்டு தெரியும். கோல் எடுப்பம் எடுப்பம் எண்டு இருந்தனான்."

அழத் தொடங்கினார். கனடாவில் இருந்து ஆலோசனை மட்டுமே வந்து பழகிய அந்தத் திரையில் அப்படி ஒரு அழுகையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.  மகள்தான் என் கையைப் பிடித்து இறக்கித் திரையைப் பார்த்தாள்.

"மாமி, நான் பிழையா வாசிச்சனானோ?"

"இல்லையடா குஞ்சு. வடிவா வாசிச்சனி." மூக்கை உறிஞ்சினார். "முழுக்க வாசி. கடைசி வரைக்கும்."

மகள் முழுக்க வாசித்தாள். தெரியாத இடங்களில் நான் சொல்லிக்கொடுத்தேன். கணவனின் பெயர், பிள்ளைகளின் பெயர், சகோதரங்கள், அவர்கள் இருக்கும் நாடுகள், ஈமக்கிரியைகள் பற்றிப் பின்னர் அறியத்தரப்படும், தகவல் குடும்பத்தினர். ஒன்றையும் விடவில்லை. மழை கூரையில் விழும் சத்தத்துக்கு மேலால் அவள் கத்தித்தான் வாசித்தாள். மச்சாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

முடிந்ததும் என்னிடம் சொன்னார்: "என்ரை ரெண்டு பிள்ளையளுக்கும் உதிலை ஒரு எழுத்துத் தெரியாது. நான் போனாலும் என்ரை அறிவித்தலை அதுகள் ஆரையும் கொண்டுதான் வாசிப்பிக்க வேணும்."

பிறகு வைத்துவிட்டார். நான் பல மாதமாகக் காத்திருந்த வெற்றி அது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் பத்திரிகையை மடித்து வைத்தேன். கணவர் அன்று மாலை தமக்கையோடு நெடுநேரம் பேசினார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

மென்மையான பள்ளி அதோடு மூடப்பட்டது. அறிவித்தல் ஒன்றும் போடவில்லை. மார்கழியில் ஊருக்கு வந்த ஒருவரிடம் மச்சாள் ஒரு பார்சல் கொடுத்துவிட்டார். திறந்தால், மரத்தில் வெட்டிய தமிழ் எழுத்துகள். மேப்பிள் மரமாம், வர்ணம் பூசாதது, பிள்ளை வாயில் வைத்தாலும் பாதகமில்லையாம். ஏழு வயது பற்றி ஒரு சொல் இல்லை. மகள் நிலத்தில் பரப்பி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். செய்தவர்கள் எல்லாம் செய்து 'ழ' மட்டும் செய்ய மறந்திருந்தார்கள்.

"அம்மா, யாழ்ப்பாணம் எழுத ஏலாது," என்றாள்.

"கனடா எழுதலாம் தானே?"

எழுதினாள்.

தை பிறந்தது. தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னி, புதுப் பையோடு முன்பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரீச்சரிடம் மெதுவாக, பணிவாக, ஆனால் பக்கத்தில் நின்ற மற்றத் தாய்மாருக்கும் கேட்கக்கூடிய அளவில், பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்று சொன்னேன். ரீச்சர் சிரித்தார்.

"நல்லது அக்கா. இந்த மாசம் நாங்கள் கை கழுவப் பழக்கிறம்."

அந்த வாரம் முழுக்க மகள் பள்ளியில் எழுத்துப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். தண்ணிக் குழாயடியில் வரிசையில் நிற்பதும், மற்றவர்களின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பதும், சத்தமாகப் பாடுவதும்தான் அவளுடைய வேலையாம். ஒரு வருடம் அவள் படலையில் நின்று பார்த்தது பிள்ளைகளைத்தான் என்பது எனக்கு அப்போதுதான் மெல்ல விளங்கியது. நான் மூன்று பாடத்திட்டங்களை ஆராய்ந்தவள்.

வெள்ளிக்கிழமை கூட்டிவரப் போனேன். படலைக்கு வெளியே என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். முகமெல்லாம் ஒளி.

"இண்டைக்கு என்ன படிச்சனீங்கள், குஞ்சு?"

அவள் சட்டைக் கையை மேலே சுருட்டிக் காட்டினாள். முழங்கைக்கு மேல் சின்னதாக, வட்டமாக, சிவப்பாகப் பல் அடையாளம்.

"ஒரு பிள்ளை என்னைக் கடிச்சுது, அம்மா!"

"ஐயோ! நோகேல்லையே? நீ என்ன செய்தனி?"

"நானும் கடிச்சனான்," என்றாள். பிறகு வழியெல்லாம் துள்ளிக்கொண்டு நடந்தாள். அந்தப் பிள்ளை தன்னுடைய சிநேகிதியாம். திங்கட்கிழமை பக்கத்தில் இருக்க இடம் பிடித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறாளாம்.